பாட்டரி வேண்டாத உணரி

மின்சாரத் துணை நிலையங்களிலும் பெரிய நீரேற்று நிலையங்களிலும், பூட்டப்பட்ட இரும்புப் பேழைகளுக்குள் செப்புப் பட்டைகள் ஒன்றோடொன்று போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். 'பஸ்பார்' என்று தொழிலாளர்கள் கூறும் இப்பட்டைகளின் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் இரவும் பகலும் பாய்கிறது. இணைப்பு ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தால் அதன் மின்தடை ஏறத்தாழ 10 மைக்ரோ ஓம் அளவில் இருக்கும் எனக் கொள்வோம். 1,000 ஆம்பியர் பாயும்போது அங்கே தோன்றும் வெப்பம் 10 வாட். இது ஓர் இரவு விளக்கின் வெப்பமேயன்றி வேறில்லை. ஆனால் போல்ட்டு தளர்ந்தோ, தொடுபரப்பில் களிம்பேறியோ மின்தடை 100 மைக்ரோ ஓமாக உயர்ந்துவிட்டால் அதே இடத்தில் 100 வாட் வெப்பம் தோன்றும். வெப்பம் மிக மிக உலோகம் மேலும் களிம்பேறும். களிம்பு மிக மிகத் தடை மேலும் உயரும். இச்சுழற்சி தானாக நிற்பதில்லை. முடிவில் காப்புப் பொருள் கருகி, மின்வில் தோன்றிப் பேழையே வெடிக்கக்கூடும். அவ்வேளையில் அதன்முன் நிற்கும் ஊழியருக்கு நேரும் தீக்காயம் எத்தகையது என்பதை மின் வாரியப் பணியில் இருந்தோர் அறிவர்.

இந்த வெப்பத்தை முன்கூட்டியே அளந்தறிவது எளிதன்றோ எனத் தோன்றலாம். எளிதன்று. பட்டையில் 11,000 வோல்ட்டு மின்னழுத்தம் நிலவுகிறது. அங்கே ஒரு வெப்பமானியைப் பொருத்தி அதன் கம்பியை வெளியே கொணர்ந்தால், அக்கம்பி வழியே உயர் மின்னழுத்தமும் வெளியே வந்துவிடும். அகச்சிவப்புக் கேமராவினால் பார்க்கலாம் என்றால், அதற்கு நேர்ப்பார்வை வேண்டும். பேழையின் கதவோ மூடியிருக்கிறது. இதற்கெனச் சாளரம் அமைப்பதுண்டு. ஆயினும் எல்லா இணைப்புகளும் சாளரத்தின் வழியே தெரிவதில்லை. மேலும், கேமராவுடன் ஆள் வரும் நாளில்தான் அளவு கிடைக்கும். உணரியிலேயே பாட்டரி வைக்கலாம் என்பது மற்றொரு யோசனை. வெப்பம் மிகுந்த இடத்தில் பாட்டரி நெடுநாள் உழைப்பதில்லை. அதை மாற்றவோ மின்சாரத்தையே நிறுத்தியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடிநீர் நீரேற்று நிலையத்தில் இத்தகைய இணைப்பொன்று கருகிய பின்னர், அங்கிருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. 'வெப்பநிலை' என்ற பத்தியில் ஒவ்வொரு மணிக்கும் ஓர் எண் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அது அறையின் சுவரில் தொங்கிய வெப்பமானி காட்டிய அளவு! எழுதியவரைக் குறை கூற இயலாது. அவரால் அளக்கக் கூடியதை அவர் அளந்தார். அளக்க வேண்டிய இடமோ பூட்டிய கதவுக்குள் இருந்தது.

கம்பியும் இன்றி, பாட்டரியும் இன்றி, மின்னணுச் சுற்று எதுவும் இன்றி, ஒரு சிறு படிகத் துண்டு மட்டும் அங்கே அமர்ந்து தன் வெப்பநிலையை வானொலி அலையின் மூலம் தெரிவிக்குமானால் இச்சிக்கல் தீரும். அத்தகைய படிகத் துண்டு உண்டு. பரப்பு ஒலி அலைக் கருவி என்பது அதன் பெயர்.

நிலநடுக்கமும் படிகமும்

திண்மப் பொருளின் உட்புறத்தே செல்லாமல் அதன் மேற்பரப்பை மட்டுமே தழுவிச் செல்லும் அலைகள் உண்டென்பதை 1885-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ராலே பிரபு கணித முறையில் நிறுவினார். குளத்து நீரில் அலை பரவுவது போன்றதே இதுவும். ஆனால் இங்கே அசைவது பாறையோ உலோகமோ படிகமோ ஆகும். ஏறக்குறைய ஓர் அலைநீள ஆழத்திற்குக் கீழே இவ்வசைவு பெரிதும் அடங்கிவிடுகிறது. நிலநடுக்கத்தில் இவ்வலைகள் முக்கியப் பங்கு பெறக்கூடும் என அவர் அன்றே கருதினார். அக்கருத்து பின்னர் மெய்யென நிறுவப்பட்டது. நிலத்தினுள் எல்லாத் திசைகளிலும் பரவும் அலைகள் விரைவில் வலுவிழக்கின்றன. பரப்பில் மட்டும் பரவும் அலைகள் அவ்வளவு விரைவில் வலுவிழப்பதில்லை. ஆகவே நெடுந்தொலைவில் கட்டடங்களை உலுக்குபவை பெரும்பாலும் இவையே.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1880-இல், பிரெஞ்சு நாட்டின் கியூரி சகோதரர்கள் வேறொரு விளைவைக் கண்டிருந்தனர். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அப்படிகங்கள் நெளிகின்றன. இதனை அழுத்த மின் விளைவு என்கிறோம்.

இவ்விரண்டு உண்மைகளும் நெடுங்காலம் தனித்தனியே கிடந்தன. இவற்றை எளிய முறையில் இணைத்த பெருமை, அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொயிட், வோல்ட்மர் ஆகிய இருவருக்கும் உரியது. 1965-இல் அவர்கள் குவார்ட்ஸ் தகட்டின்மேல் மெல்லிய உலோகக் கோடுகளைப் படியச் செய்தனர். இரு கைகளின் விரல்களைக் கோத்தாற்போல் அக்கோடுகள் அமைந்திருந்தன. ஒரு கையின் விரல்களை மின்சுற்றின் ஒரு முனையோடும், மறுகையின் விரல்களை மறுமுனையோடும் இணைத்து மாறு மின்னழுத்தம் கொடுத்தால், விரல்களுக்கிடையே படிகம் மாறி மாறி நெளிகிறது. ஒரு விரலுக்கும் அதே கையின் அடுத்த விரலுக்கும் உள்ள இடைவெளி ஓர் அலைநீளத்திற்குச் சமமாக இருக்குமானால் எல்லா நெளிவுகளும் ஒன்றுகூடி வலுவான பரப்பலை புறப்படுகிறது. எதிர்முனையில் உள்ள மற்றொரு விரற்கோவை அவ்வலையை மீண்டும் மின்குறியாக மாற்றுகிறது.

இதில் என்ன பயன்? விடை வேகத்தில் அடங்கியிருக்கிறது. வானொலி அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. லித்தியம் நையோபேட் என்னும் படிகத்தின் ஒரு வெட்டு வகையில் பரப்பலை வினாடிக்கு 3,488 மீட்டர்தான் செல்கிறது. அதாவது ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. எனவே ஒரு மைக்ரோ வினாடிக் காலத் தாமதத்தை உண்டாக்க நூற்றுக்கணக்கான மீட்டர் நீளக் கேபிளைச் சுருட்டி வைக்க வேண்டியதில்லை. மூன்றரை மில்லிமீட்டர் படிகம் போதும். அலைநீளமும் அதே விகிதத்தில் சுருங்குகிறது.

நம் வீடுகளுக்குள் இக்கருவி புகுந்த கதை பலருக்குத் தெரியாது. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி பரவத் தொடங்கியது. வண்ணப் பெட்டியினுள் 38.9 மெகாஹெர்ட்ஸ் படக் குறியையும் 33.4 மெகாஹெர்ட்ஸ் ஒலிக் குறியையும் உரிய அளவில் வடித்தெடுக்க வேண்டும். முன்பெல்லாம் பல கம்பிச்சுருள்களை ஒவ்வொன்றாகத் திருகித் திருகி இசைவித்தார்கள். அவ்வேலையைப் பரப்பு ஒலி அலை வடிப்பான் ஒன்றே செய்தது. அதைத் திருகவேண்டிய தேவையே இல்லை. பழுது பார்ப்போர் அதனைச் 'சா பில்டர்' என்றனர். பின்னர் சிலிக்கன் டியூனர்கள் வந்து தொலைக்காட்சியில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் அதற்குள் அது கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. இன்றைய கைப்பேசியில் பல அதிர்வெண் பட்டைகளைப் பிரித்தறியும் வடிப்பான்களில் கணிசமானவை இவ்வகையைச் சேர்ந்தவையே.

வினாவும் எதிரொலியும்

இனி, கம்பியில்லா உணரியாக இது எவ்வாறு பணிபுரிகிறது என்பதைக் காண்போம்.

படிகத் துண்டின் ஒரு முனையில் விரற்கோவையை அமைத்து, அதனை ஒரு சிறு ஆன்டெனாவுடன் இணைக்கிறார்கள். படிகத்தின் மறுபுறத்தில் சில உலோகக் கோடுகள் மட்டும் இருக்கின்றன; அவை அலையைத் திருப்பியனுப்பும் கண்ணாடிகள் போன்றவை. வேறு உறுப்பு எதுவும் இல்லை. சற்றுத் தொலைவில் உள்ள வினவு கருவி ஒரு குறுகிய வானொலித் துடிப்பை அனுப்புகிறது. ஆன்டெனா அதை ஏற்று விரற்கோவைக்குத் தருகிறது. விரற்கோவை அதைப் பரப்பலையாக மாற்றுகிறது. அலை நிதானமாகச் சென்று, ஒவ்வொரு கோட்டிலும் சிறிது சிறிதாகத் திரும்பி, மீண்டும் விரற்கோவையை அடைந்து வானொலி அலையாக வெளியேறுகிறது. வினவு கருவி அதனைக் கேட்டுக்கொள்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். அனுப்பிய துடிப்பு சுவரிலும் இரும்புக் கதவிலும் பட்டுத் திரும்பி வராதா? அந்த ஆரவாரத்தில் படிகத்தின் மெல்லிய குரல் எப்படிக் கேட்கும்? படிகத்தின் மந்தகதியே இங்கே துணையாகிறது. 3.5 மில்லிமீட்டர் தொலைவில் ஒரு கோட்டை வைத்தால் போய்வர ஏறத்தாழ 2 மைக்ரோ வினாடி ஆகும். அந்நேரத்தில் வானொலி அலை 600 மீட்டர் ஓடிவிடும். அறைக்குள் உள்ள சுவர்களிலும் கதவுகளிலும் எழுந்த எதிரொலிகள் அதற்குள் அடங்கிவிடும். எல்லாரும் பேசி ஓய்ந்தபின் படிகம் பேசுகிறது.

வெப்பநிலை மாறினால் படிகம் சற்று விரிகிறது. அதில் அலையின் வேகமும் மாறுகிறது. மேற்கூறிய லித்தியம் நையோபேட் வெட்டு வகையில், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காலத் தாமதம் பத்து லட்சத்தில் 94 பங்கு கூடுகிறது. மிகச் சிறிய மாறுதல்தான். ஆயினும் அலையின் கட்டத்தை நோக்கினால் அது நன்கு புலப்படும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓர் அலைச் சுற்றுக்கு ஆகும் காலம் 408 பிக்கோ வினாடி. படிகத்தில் இரு கோடுகளை, அவற்றின் எதிரொலிகளுக்கு இடையே 0.2 மைக்ரோ வினாடி இருக்குமாறு வைப்போம். இதற்குத் தேவையான இடைவெளி 0.35 மில்லிமீட்டரே. ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்கு இவ்விடைவேளை 18.8 பிக்கோ வினாடி கூடும். அதாவது கட்டம் ஏறக்குறைய பதினாறரைப் பாகை நகரும். கட்டத்தை மூன்று பாகைப் பிழையுடன் அளந்தாலே டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு வரை வெப்பநிலையை அறியலாம். ஆனால் ஒரு குறை உண்டு. கட்டம் 360 பாகை நகர்ந்ததும் பழைய இடத்திற்கே வந்துவிடும். இங்கே 21.7 டிகிரிக்கு ஒருமுறை அது நிகழ்கிறது. எனவே 40 டிகிரியையும் 61.7 டிகிரியையும் பிரித்தறிய வழியில்லை.

கடிகாரத்தில் நிமிட முள்ளை மட்டும் பார்த்து மணி கூற முடியாது. மணி முள்ளும் வேண்டும். ஆகவே மூன்றாவது கோடொன்றை முதற் கோட்டுக்கு மிக அருகில், 0.02 மைக்ரோ வினாடி இடைவேளையில் வைக்கிறார்கள். அதன் கட்டம் 217 டிகிரிக்கு ஒருமுறைதான் முழுச் சுற்று சுற்றும். அது தரும் அளவு ஏறத்தாழ 2 டிகிரி பிழையுடையது. எனினும் நாம் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று கூற அதுவே போதும். நுட்பமான அளவை நீண்ட இடைவேளை தரும். கோடுகளின் இடைவெளியை மட்டும் கொண்டு இவ்வளவையும் பெறலாம் என்பது இக்கருவியின் அழகு.

எதிரொலிகளுக்குப் பதிலாக ஒத்ததிர்வைப் பயன்படுத்தும் மற்றொரு வகையும் உண்டு. கோயில் மணியை அடித்தால் அடித்தபின்னும் அது தன் சுருதியில் ஒலித்துக்கொண்டிருக்கிறதல்லவா? அதுபோல் இரு வரிசைக் கோடுகளுக்கு நடுவே அகப்பட்ட பரப்பலை சில மைக்ரோ வினாடிகள் தொடர்ந்து அதிர்கிறது. வெப்பநிலைக்கேற்பச் சுருதி மாறும். ஐரோப்பாவில் இதற்கு 433.05 முதல் 434.79 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையைப் பயன்படுத்துகின்றனர். லித்தியம் நையோபேட்டை இங்கே பயன்படுத்தினால் டிகிரிக்கு 41 கிலோஹெர்ட்ஸ் சுருதி நகர்ந்து, 43 டிகிரி மாறுவதற்குள் பட்டைக்கு வெளியே போய்விடும். எனவே வெப்பத்திற்கு மிகக் குறைவாகவே இணங்கும் குவார்ட்ஸ் வெட்டுகளைத் தேர்ந்து, இரண்டு மணிகளை ஒருங்கே ஒலிக்கச் செய்து, அவற்றின் சுருதி வேறுபாட்டை மட்டும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவான பிழைகள் இதனால் பெரிதும் கழிந்துவிடுகின்றன.

சில்லு அட்டைக்கும் இதற்கும் வேறுபாடு

சாலைச் சுங்கச் சாவடிகளில் ஊர்தியின் கண்ணாடியில் ஒட்டியுள்ள அட்டையும் பாட்டரி இல்லாமல்தானே மறுமொழி கூறுகிறது எனச் சிலர் கேட்கலாம். கூறுகிறது, ஆனால் முறை வேறு. அந்த அட்டையில் உள்ள சிலிக்கன் சில்லு, வந்த வானொலி அலையை நேர்மின்சாரமாக மாற்றிக்கொண்டு, அதைக் கொண்டு இயங்குகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த ஆற்றல் வந்தால் அது ஊமையாகிவிடும். பரப்பலைக் கருவிக்கு அத்தகைய வாசற்படி இல்லை. வந்தது எவ்வளவு சிறிதாயினும் அதற்கேற்ற எதிரொலி உண்டு. கேட்பவரின் காது கூர்மையாக இருந்தால் போதும். மேலும், சிலிக்கன் சில்லுகள் தாங்காத வெப்பத்தையும் சில படிகங்கள் தாங்குகின்றன. குவார்ட்ஸ் 573 டிகிரியில் உள்ளமைப்பு மாறிவிடுகிறது. லங்கசைட் என்னும் படிகமோ தன் உருகுநிலையான ஏறத்தாழ 1,470 டிகிரி வரை அத்தகைய மாற்றம் அடைவதில்லை. ஆகவே விசைச்சுழலிகளின் உட்புறத்தே பொருத்தும் ஆராய்ச்சி அமெரிக்காவின் மேய்ன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நடைபெற்று வந்துள்ளது. சுழலும் தண்டின் முறுக்கு விசையையும் ஊர்திச் சக்கரத்தின் காற்றழுத்தத்தையும் அளக்கவும் இதே முறையைக் கையாண்டுள்ளனர்.

தானாக ஆற்றல் எதுவும் இல்லாத பொருளை வெளியிலிருந்து வானொலி அலையால் தட்டிப் பேச வைக்கும் எண்ணம் புதியதன்று. 1945-இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் சிறுவர்கள் ஒரு மரச் சிற்பத்தைப் பரிசளித்தனர். அதனுள் பாட்டரியில்லாத ஒட்டுக்கேட்கும் கருவி மறைந்திருந்தது. அது வெளிப்பட்டது 1952-இல்! அதனை அமைத்தவர் தெரமின். கையால் தொடாமலே வாசிக்கும் இசைக்கருவியால் பெயர் பெற்றவர். ஒட்டுக்கேட்கப் பயன்பட்ட நெறி இன்று ஊழியரின் உயிர் காக்கவும் பயன்படுகிறது.

குறைகளும் நம் நிலையும்

இக்கருவியைச் சர்வரோக நிவாரணியாகக் கருதுவது தவறு. வினவு கருவியிலிருந்து செல்லும் ஆற்றலும் தேய்கிறது. திரும்பி வரும் ஆற்றலும் தேய்கிறது. இதனால் தொலைவு இரு மடங்கானால் கிடைக்கும் குறி பதினாறில் ஒரு பங்காகிறது. சில மீட்டர்களுக்கு அப்பால் நம்பிப் பயன்படுத்துவது கடினம். ஒரே பேழையில் பல உணரிகள் இருந்தால் அவை ஒரே சமயத்தில் மறுமொழி கூறும். அவற்றை அதிர்வெண்ணாலோ காலத் தாமதத்தாலோ குறியீட்டாலோ பிரித்தாக வேண்டும். இதன் பொருட்டு அமெரிக்காவின் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தினர் வகுத்த குறியீட்டு முறை குறிப்பிடத்தக்கது. இரும்புப் பேழை வானொலி அலையை மறைப்பதால், வினவு கருவியின் ஆன்டெனாவைப் பேழைக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கும். படிகத்தின் மேற்பரப்பில் ஒரு துளி ஈரமோ தூசியோ படிந்தால் அலை பாழ்படும். ஆகவே காற்றுப் புகாத உறை இன்றியமையாதது. இந்த உறையே பெரும்பாலும் படிகத்தைவிடக் கவலை தரும் பகுதி என்பது என் கருத்து. ஆன்டெனாவின் கூர்முனைகள் உயர் மின்னழுத்தத்தில் மின்கசிவுக்கு இடந்தரலாகாது என்பதையும் மறத்தலாகாது.

போட்டியாளர்களும் உண்டு. ஒளியிழை வெப்பமானி மிக நுட்பமானது. ஆயினும் இழையின்மேல் அழுக்கும் ஈரமும் படிந்தால் அதன் வழியே மின்கசிவு ஊரக்கூடும். பஸ்பாரின் மின்னோட்டத்திலிருந்தே ஆற்றலை உறிஞ்சும் உணரிகள் மலிவானவை. மின்னோட்டம் மிகக் குறைந்தாலோ அவை பேசாமல் இருந்துவிடுகின்றன. ஒரே ஒரு பேழை உள்ள சிறு நிலையத்திற்கு, கேமராவுடன் ஆண்டுக்கு இருமுறை ஒருவரை அனுப்புவதே சிக்கனம் எனலாம். பல பேழைகள் வரிசையாக நிற்கும் இடத்தில், அதுவும் மின்சாரத்தை நிறுத்தவே இயலாத மருத்துவமனை, குடிநீர் நிலையம், சுரங்கக் காற்றோட்ட நிலையம் ஆகியவற்றில், பரப்பலை உணரிகள் தம் விலைக்கு ஈடு செய்யும்.

நம் நாட்டுக்கு இத்துறை அந்நியமானதன்று. தில்லியில் உள்ள திண்மநிலை இயற்பியல் ஆய்வகமும், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பயன்முறை மின்னணு ஆராய்ச்சி மையமும் பரப்பு ஒலி அலைக் கருவிகளில் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளன. ராணுவ ராடார்களுக்கும் ஆவிகளை மோப்பம் பிடிக்கும் உணரிகளுக்கும் இவ்வுழைப்பு பயன்பட்டது. ஆராய்ச்சி ஆலையாக வளரவில்லை என்பதே குறை.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 434 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் உணரியில் விரலின் அகலம் அலைநீளத்தில் கால் பங்கு; அதாவது 2 மைக்ரான் அளவு. இத்தகைய கோடுகளை நுண்சில்லுத் தொழில் 1980-களிலேயே எளிதாக வரைந்தது. இன்றைய கணிப்பொறிச் சில்லுகளுக்கு வேண்டிய பெருஞ்செலவு ஆலை இதற்குத் தேவையில்லை. ஒரேயொரு உலோகப் படலம், ஒரு முகமூடித் தகடு, ஒரு தூய அறை, நல்ல உறை இடும் வசதி ஆகியவை போதும். 2,450 மெகாஹெர்ட்ஸ் வகையில் விரலின் அகலம் 0.36 மைக்ரானாகச் சுருங்கிவிடும். அதற்கு மேலான கருவிகள் வேண்டும். ஆனால் அந்தப் பட்டை, அதாவது 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, நம் நாட்டில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிம விலக்குப் பெற்றது. குறுகிய பட்டையில் எளிய கோடுகளா, அகன்ற பட்டையில் நுண்ணிய கோடுகளா என்பதை ஆலை தொடங்குவோர் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். மின்பேழைகளைப் பொறுத்தவரை முதல் வழியே நமக்கு ஏற்றது எனத் தோன்றுகிறது. குவார்ட்ஸ் தகடுகள் கிடைப்பதும் எளிது. அலைக்கட்டத்தைப் பற்றிய குழப்பமும் இல்லை.

பொருத்துவோர்க்கு ஒரு குறிப்பு. உணரியைப் பஸ்பாரின் நடுவில் பொருத்திவிட்டு, இணைப்பின் வெப்பத்தை அளப்பதாக நினைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. செம்பு வெப்பத்தை நன்கு கடத்துமாயினும், காற்றினால் குளிர்வதால், போல்ட்டிலிருந்து விலக விலக வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். உணரியை இணைப்பை ஒட்டியே, முடிந்தால் போல்ட்டின் வாஷருக்கு அடுத்தாற்போல், மூன்று கட்டங்களிலும் ஒரே தொலைவில் பொருத்த வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடச் சூடாக இருந்தால், அளவு எச்சரிக்கை எல்லையைத் தொடாவிட்டாலும், அந்தப் போல்ட்டைச் சோதிக்க அடுத்த நிறுத்த நாளைக் குறித்துக்கொள்ளலாம்.